சுவரில் முகம் இருக்கிறது, பெயர் எங்கே?



சில ஆண்டுகளாக நம்மவர் வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் தலைகாட்டி வருகிறது. மரச்சட்டமும் கண்ணாடியும் போட்ட படங்களுக்குப் பதிலாக, அலுமினியத் தகட்டிலேயே அச்சிட்ட படங்களைக் கூடத்தில் மாட்டுகிறார்கள். பாரதியார், வ.உ.சி., காந்தியடிகள், காமராஜர் என்று பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். சில வீடுகளில் தாத்தாவும் பாட்டியும். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் செல்போனிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். கூரியரில் படம் வந்து சேருகிறது. புதுமனை புகுவிழாவுக்கும் மணிவிழாவுக்கும் இதைப் பரிசாகத் தருகிறவர்களும் உண்டு.

இதை வீண் ஆடம்பரம் என்று சில நண்பர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. நல்ல பழக்கம்தான், வளரட்டும். ஆனால் அரைகுறையாகச் செய்கிறோமே என்ற வருத்தம் உண்டு. எத்தனை அழகாக அச்சிட்டு மாட்டினாலும், அந்த முகம் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று படத்தில் எழுதுவதில்லை. நாம் இருக்கும்வரை தெரியும். நமக்குப் பிறகு? தகடு ஐம்பது ஆண்டு இருக்கலாம். பெயர் பத்து ஆண்டில் போய்விடும்.

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நமக்கு இந்த விஷயத்தில் பாடம் சொல்ல வெளியூரிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. உலோகத்தில் மனித முகத்தை வடித்து, பெயரையும் பொறித்து வைத்த உதாரணங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

திருமலையில் மூவர்

திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் கிருஷ்ணராயர் மண்டபத்தைக் கடக்கிறார்கள். பிரதிமா மண்டபம் என்றும் அதற்குப் பெயர். அங்கே கிருஷ்ணதேவராயர் கைகூப்பி நிற்கிறார். இருபுறமும் தேவியர் திருமலாதேவியும் சின்னாதேவியும் நிற்கிறார்கள். செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய பிரதிமைகள் அவை. ராயர் ஆண்ட காலம் 1509 முதல் 1529 வரை. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இவர் இன்னார் என்று நாம் திடமாகச் சொல்கிறோமே, எப்படி? தோளில் பெயர் பொறித்திருக்கிறது. ராயர் தோளில் ராயர் பெயர், தேவியர் தோளில் அவரவர் பெயர். நாம் தரிசன வரிசையில் நகரும் அவசரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் ஆமுக்த மால்யதா என்று பாடிய மன்னர் அவர் என்பதையும் சொல்லுங்கள்.

அதே கோயிலில் டோடர்மால் என்பவரின் பிரதிமையும் உண்டு. உடன் தாயார் மாதா மோகனதேவி, மனைவி பீதாபீபி. இங்கே பெயர்கள் தெரிந்தும் ஒரு குழப்பம். இவரை அக்பரின் அமைச்சராக இருந்த ராஜா டோடர்மால் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அமைச்சர் 1589-ல் காலமானவர். இவர் அவருக்குப் பிந்திய காலத்தவர். பெயர் மட்டும் போதாது, ஊரும் காலமும் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னும் பழைய உதாரணம் காளத்தியில் இருக்கிறது. 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்ததே, அதே ஸ்ரீகாளஹஸ்திதான். சோழர் காலத்துச் செப்புப் படிமம் ஒன்று, சோழமாதேவி என்ற பெயர் பீடத்தில் பொறித்தது, அந்தக் கோயிலைச் சேர்ந்தது. பெயர் பொறிக்காத எத்தனையோ படிமங்களைப் பற்றி இது அம்மனா, அரசியா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இந்த அம்மையார் விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லை.

புகைப்படம் பிறந்ததே உலோகத்தில்தான்

தகட்டில் படம் என்பது இன்றைய கண்டுபிடிப்பு என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். 1839-ல் பிரான்சில் டாகேர் உலகுக்கு அறிவித்த முதல் புகைப்பட முறையே, வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் படம் பிடிப்பதுதான். அயோடின் ஆவி காட்டித் தகட்டைத் தயார் செய்து, கேமராவில் வைத்து எடுத்து, பாதரச ஆவியில் உருவத்தை வரவழைப்பார்கள். ஒரு முறை எடுத்தால் ஒரே படம்தான், பிரதி எடுக்க முடியாது. அதனால் விலையும் அதிகம். 1856-ல் அமெரிக்காவில் இரும்புத் தகட்டு முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கறுப்பு அரக்குப் பூசிய மெல்லிய இரும்புத் தகடு, சீக்கிரம் தயாராகும், மலிவு. சாதாரண ஜனங்களும் திருவிழாக்களில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நம் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியதும் அதே 1856-ல்தான். அந்த ஆண்டுதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் ஓடியது. ரயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை!

அந்தக் காலத் தகட்டுப் படங்களில் ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறி விழும். அமெரிக்காவில் பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனின் பெயர்பெற்ற படம் இரும்புத் தகட்டில் எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு அவனை இடக்கைக்காரன் என்றே வெகுகாலம் நம்பினார்கள். படம் திரும்பி விழுந்தது என்பது பிறகுதான் உறைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

எதை வாங்குகிறோம்?

கடையில் "மெட்டல் பிரிண்ட்" என்று கேட்டால் இரண்டு வகையைத் தருகிறார்கள். வித்தியாசம் தெரிந்து வாங்குவது நல்லது.

முதல் வகையில் சாயம் தகட்டின் பூச்சுக்குள் இறங்குகிறது. படத்தை முதலில் ஒரு தாளில் அச்சிட்டு, பாலியெஸ்டர் பூச்சுள்ள அலுமினியத் தகட்டின்மேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்துகொள்ளும். நகத்தால் கீறினால் வராது, ஈரத்துணியால் துடைக்கலாம். இரண்டாவது வகை, கடைப் பெயர்ப்பலகைகளுக்குப் பயன்படும் ஏ.சி.பி. ஷீட். இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே பிளாஸ்டிக் இருக்கும். அதன்மேல் மை அச்சிடுவார்கள், அல்லது அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். இது மலிவு. ஆனால் ஓரத்தில் மை பெயரும், ஸ்டிக்கர் சுருளும். காசு கொடுக்குமுன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முதல் வகையிலும் வெள்ளைப் பூச்சுள்ள தகடு என்றும், உலோகம் பளபளவென்று தெரியும் தகடு என்றும் இரண்டு உண்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வெள்ளைப் பூச்சுதான் பொருந்தும். மற்றதில் தாத்தாவின் வெள்ளை வேட்டி தகரம்போலச் சாம்பல் நிறமாகத் தெரியும். மினுமினுப்பைவிட மங்கிய மேற்பரப்பு நல்லது. இல்லாவிட்டால் டியூப்லைட்டின் பிம்பம் பாட்டியின் நெற்றியில் விழும்.

எடையைக் கணக்குப் பார்ப்போம். 12 அங்குலம் அகலம், 16 அங்குலம் உயரம், 1.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலுமினியத் தகடு சுமார் 370 கிராம். அதே அளவில் 2 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 600 கிராமுக்கு மேல். சட்டமும் அட்டையும் தனி. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில், விழுந்தாலும் உடையாத தகடு நிம்மதி. கரையான் அரிக்க மரமும் இல்லை. ஆனால் தகட்டை நாலு மூலையிலும் இறுக்கி ஆணி அடிக்காதீர்கள். ஒரு மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் நீளும். 13 மீட்டர் தண்டவாளம் அதே சூட்டில் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும் என்பதால்தான் இணைப்பில் இடைவெளி விட்டோம். சுவரில் மாட்டும் தகட்டுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். வெயில் நேரே படும் சுவரும் வேண்டாம். தகடு தாங்கும், சாயம் வெளுக்கும். சந்தனம் குங்குமம் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் தகட்டின்மேல் நேரே வைக்காமல் கீழே ஒரு சிறு பலகை அடித்து, அதில் விளக்கும் பூவும் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் கறை பூச்சில் ஏறினால் லேசில் போகாது.

முகம் உண்மையாக இருக்கட்டும்

அச்சிடுவதில் இத்தனை கவனம் காட்டி, முகத்தில் கோட்டை விடக்கூடாது. இப்போது மங்கிய படத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே கண், மூக்கு, பல் எல்லாம் பளிச்சென்று ஆக்கித் தருகிறது, வண்ணமும் பூசுகிறது. பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவருகிறது? வேறு ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகி, இப்படி இருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. ஆகவே வந்து நிற்பது உங்கள் பாட்டியின் சாயலில் இன்னொரு பெண். பேத்தி அந்தக் கண்ணைத்தான் பாட்டியின் கண் என்று நம்பி வளர்வாள். கறையையும் கீறலையும் நீக்கச் சொல்லுங்கள், அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். மங்கல் மங்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தலைவர்கள் படத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பாரதியாரின் உண்மையான புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடைகளில் விற்கும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் ஓவியர்கள் தீட்டியவை. திருவள்ளுவருக்கோ எந்தக் காலத்திலும் படம் இருந்ததில்லை. நாம் வணங்கும் உருவம் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964-ல் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. ஓவியத்தை மாட்டுவது குற்றமில்லை. ஓவியம் என்று எழுதி மாட்டினால் பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியும்.

இன்னொன்று, படம் இடம் வலம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாளிலிருந்து தகட்டுக்கு மாற்றும் முறையில் தாளில் திருப்பி அச்சிட்டால்தான் தகட்டில் நேராக வரும். கடைப்பையன் மறந்தால் பில்லி தி கிட் கதைதான். சேலைத் தலைப்பு எந்தத் தோளில், சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று மூலப்படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

மூலப்படத்தைக் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கூட நின்று ஸ்கேன் செய்து கையோடு வாங்கி வாருங்கள். 6 அங்குலப் படத்தை 18 அங்குலமாக்க வேண்டுமானால் அங்குலத்துக்கு 900 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யச் சொன்னால், அச்சில் 300 புள்ளி நிற்கும். பழைய படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துக்கொள்ளலாம். தகடு வந்துவிட்டதே என்று மூலத்தைத் தூக்கிப் போடுவது மகாபாவம்.

ஆபீஸ் காட்டிய கவனம் வீட்டில் இல்லை

ரயில்வேயில் யாராவது ஓய்வு பெற்றால் குழுப்படம் எடுப்பது வழக்கம். 1984-ல் பாகாலாவில் எடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது. கீழே அட்டையில், "உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்" என்று தொடங்கி, கடைசி வரிசையில் நிற்கும் கேங்மேன் வரைக்கும் பெயர், தேதி, இடம் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்தும் ஒருவர் பெயரும் தப்பவில்லை.

அதே என் வீட்டுப் பெட்டியில் உள்ள குடும்பப் படத்தின் பின்புறம் தாத்தாவின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் "சம்சாரத்துடன்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். பாட்டி என்று ஒருத்திக்குப் பெயர் வைத்து அழைத்த தாய் தகப்பன் இருந்திருப்பார்களே! பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை என்பதைப் பல பெட்டிகளைத் திறந்து பார்த்த பிறகு சொல்கிறேன். பேரரசர் தம் தேவியர் இருவர் பெயரையும் தனித்தனியே பொறிக்கச் செய்தார். நாம் நம்மைப் பெற்றவளைப் பெற்றவளின் பெயரை ஒரு பென்சிலால்கூட எழுதி வைக்கவில்லை. இதைவிட வெட்கம் உண்டா?

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது இன்னும் அவசரம். சொந்த ஊரில் இருந்தால் தெருவில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளலாம். நம்மில் சிலர் வேலைக்காக இங்கே வந்தவர்கள். சிலர் நகராமலே இருந்தவர்கள். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்து, 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போனபோது, எல்லைதான் நகர்ந்தது. எப்படியானாலும் நம் வீட்டு முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர் வீட்டுக்கு ஒருவர்தான் மிச்சம். அவருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். அவர் இருக்கும்போதே கேட்டால் உண்டு.

யாரை மாட்டலாம்?

தலைவர்கள் வரிசையில் தேசத் தலைவர்களோடு இந்த மண்ணின் மனிதர்களும் இருக்கட்டும். திருச்சானூரில் 1891-ல் பிறந்து, 1956 முதல் 1962 வரை மக்களவையின் சபாநாயகராக இருந்த எம். அனந்தசயனம் அய்யங்காரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் சிறுவயதில் படித்தது திருப்பதி லூதரன் மிஷன் பள்ளியில். புங்கனூரில் 1898-ல் பிறந்து, காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பயின்று, 1954-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தும் சித்தூரையே பெயரில் சுமந்தவர் நாகையா. தமிழ்ப் படங்களிலும் தெலுங்குப் படங்களிலும் ஒருங்கே புகழ் பெற்றவர். இவர்கள் எல்லோருக்கும் உண்மையான புகைப்படங்கள் உண்டு.

இவர்களுக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே தகட்டில், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை மாட்டுங்கள். பெரிய மனிதர் பெரிய படம், பாட்டி சின்னப் படம் என்ற பாகுபாடு வேண்டாம். பிள்ளை அண்ணாந்து பார்க்கும்போது சரித்திரமும் தன் குடும்பமும் ஒரே சுவரில் இருப்பது தெரியட்டும்.

"செத்தவர்கள் படமாக மாட்டினால் வீடு களையிழந்துவிடும்" என்று ஒரு ஆட்சேபம் வரும். பொட்டும் மாலையும் போட்டு மின்விளக்கு எரியவிட்டால்தான் அந்த எண்ணம் வருகிறது. தாத்தா வாலிபத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை, பாட்டி பள்ளி வயதில் ரெட்டைச் சடையோடு இருக்கும் படத்தை மாட்டிப் பாருங்கள். வீடு களைகட்டும். "செலவு ஏன்?" என்றால், ஒரு பண்டிகைக்கு வாங்கும் பட்டாசில் பாதியைக் குறைத்தால் ஒரு தகட்டுக்கு ஆகும். அதுவும் இயலாதவர்கள் தாளிலேயே அச்சிடட்டும். பெயர் எழுதக் காசு வேண்டாம்.

என்ன எழுதுவது?

நாலு விவரம் போதும். முழுப்பெயர், பிறந்த ஊர், ஆண்டு, படம் எடுத்த இடம். ஆண்டு திட்டமாகத் தெரியாவிட்டால் "சுமார்" என்று போடுங்கள். பெண்களுக்கு அவர்கள் பெயர் முதலில், உறவு பிறகு. ஸ்டிக்கரில் எழுதிப் பின்னால் ஒட்டாமல், படத்தோடு சேர்த்தே கீழ் ஓரத்தில் அச்சிடச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. தமிழில் எழுதுங்கள், அதன் கீழே தெலுங்கிலும் எழுதுங்கள். நம் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், எழுத்துக் கூட்டத் திணறுகிறார்கள். தெலுங்கில் படித்துவிட்டு மேலே உள்ள தமிழ் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பாட்டியின் பெயரிலேயே ஒரு அரிச்சுவடி கிடைக்கும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் பாட்டுப் போட்டி, கோலப் போட்டிக்கு நடுவே ஒரு மேஜையும் ஒரு ஸ்கேனரும் போடுவோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பழைய படத்தையும், அதை அடையாளம் சொல்லக்கூடிய ஒரு பெரியவரையும் அழைத்து வரட்டும். அவர் சொல்லச் சொல்ல நம் இளைஞர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஸ்கேன் செய்யும் வேலையையும் தகடு தேர்வு செய்ய உதவும் வேலையையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பொங்கல் வரை காத்திருக்க முடியாத ஒரு வேலை இருக்கிறது. இன்று மாலையே பெட்டியைத் திறந்து படங்களை வெளியே எடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகத்தையும் காட்டி, "இது யாரம்மா?" என்று கேளுங்கள். தகடு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.